தேரைக் கொடுத்துச் சப்பரம் வாங்கினோம்

மோட்டார்சைக்கிள் பந்தயத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். எனக்குப் பெட்ரோல் காசு கொடுத்துவந்த ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி வியாபாரி பாய். வண்டி தள்ளுகிற முத்தையா அண்ணனும் அவர் தம்பிமார் மூன்று பேரும். கொடி அசைக்க ஒரு ரிட்டயர்ட் சுபேதார். டீயும் பால்கோவாவும் விற்ற ஒரு அக்கா. கோயம்புத்தூரிலிருந்து ஆள் பார்க்க வந்த டீம் மேனேஜர். என்னோடு போட்டி போட்ட ஆறு பேர். வேடிக்கை பார்க்கக் கரை நிறைய ஜனம்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். டாக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பாய் கொண்டுவந்த பேண்டேஜ் துணி இரண்டு மூட்டை இருந்தது. அடுத்தது எங்கப்பா. அவரைப் பொறுத்தவரை நான் அந்த நேரத்தில் விருதுநகரில் உட்கார்ந்து சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பது. நம் தொழிலில் முப்பது என்றால் பென்ஷன் வாங்குகிற வயசு. என்னுடைய இடது முழங்காலும் அதையேதான் சொல்கிறது. கார்புரேட்டரில் எந்த ஜெட் போடவேண்டும், டயரில் எவ்வளவு காற்று வைக்கவேண்டும் என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், எதையும் அச்சில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். நாங்கள் பெரிய வண்டியை விட்டுச் சின்ன வண்டிக்கு மாறியதை யாரும் அச்சில் போடவில்லை. அதனால் நானே போட்டுவிடலாம் என்று.

எண்பதுகளின் நடுவில் என்னிடம் இருந்தது முந்நூற்றைம்பது சிசி வண்டி. பாய் ஏலத்தில் எடுத்தது. மட்கார்டைக் கழற்றி, ஹேண்டிலை உயர்த்தி, அதை மேடு பள்ளத்தில் ஓட்டுகிற மோட்டோகிராஸ் வண்டி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அதற்கு ஊரில் வைத்த பேர் தேர். காரணம் உண்டு. உதைத்தால் ஸ்டார்ட் ஆகாது. நாலு பேர் தள்ளவேண்டும். திரும்பவேண்டும் என்றால் ஒரு தெரு முன்னாலேயே சொல்லவேண்டும். நின்றுவிட்டால் ஊர்கூடித்தான் நகர்த்தவேண்டும். அதற்கேற்றமாதிரி தள்ளுவதற்கு எங்களுக்குக் கிடைத்தவர்களும் நிஜத் தேருக்குத் தடி போடுகிறவர்கள். தேர் நிலையை விட்டு அசையாமல் நிற்கும்போது, சக்கரத்துக்குப் பின்னால் பெரிய மரத்தடியைக் கொடுத்து நெம்பித் தள்ளுவார்களே, அந்த வேலையில் முத்தையா அண்ணன் குடும்பத்துக்கு நல்ல பேர். அண்ணன் முதுகைக் கொடுத்து ஒரு சத்தம் போட்டாரென்றால் கட்டடமே நாலடி தள்ளிப் போய் நிற்கும்.

எங்களுக்குப் பந்தயம் எல்லாம் கோடையில், வற்றிய கண்மாய்க்குள்தான். சோழபுரம் பக்கத்தில் ஒரு கண்மாயில் நடந்த பந்தயத்தில் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் கரிசல், நடுவில் மட்டும் உள்ளுக்குள் ஈரம். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். என்னிடம் இருப்பது பெரிய எஞ்சின், நேராகப் போனால் என்ன என்று முழு ஆக்சிலேட்டரில் நடுவே விட்டேன். வண்டி போகவில்லை, இறங்கியது. பின்சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. சுற்றுவதை நிறுத்தியிருக்கவேண்டும், நான் இன்னும் முறுக்கினேன். கடைசியில் செயின் தெரியவில்லை, சீட் மட்டும் தெரிந்தது.

பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த ஒரு சம்சாரி டிராக்டரைக் கொண்டுவந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்தார். நான் மேலே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். கரையேற ஒரே வழி, முடிவுக்கோட்டு வழி. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேற்றில் கிடந்தார்கள். ஆக, டிராக்டரும் நானும் நாலாவதாகக் கோட்டைத் தாண்டினோம். நாலாவது ஆளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு. பாய் போய் அதைக் கேட்டார். அங்கேயும் கொடி பிடித்திருந்த சுபேதார் நிதானமாக யோசித்துவிட்டு, குடம் டிராக்டருக்குத்தான் சேரும் என்றார். அந்தச் சம்சாரி வீட்டில் இன்றைக்கும் அந்தக் குடம் இருக்கிறது.

எஞ்சினில் இருக்கிற பலம் முழுவதும் உங்களுடையது அல்ல. மண் எவ்வளவை வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுதான் உங்களுடையது. சக்கரம் சுற்றியும் வண்டி நகராவிட்டால் கையை எடுங்கள்.

சின்ன வண்டிக்கு மாறவேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. பாயிடம் சொல்ல ஒரு வருசம் ஆனது. கோயம்புத்தூர் டீம் ஒன்று நூறு சிசி வகுப்புக்கு மாதச் சம்பளத்தில் ரைடர் எடுக்கிறது என்றும், அவர்களுடைய மேனேஜர் அந்தக் கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பந்தயத்துக்கு வருகிறார் என்றும் கேள்விப்பட்டபோது இனிமேல் தாமதிக்க முடியாது என்று ஆகிவிட்டது. கடிதம் எழுதிக் கேட்டேன். முதல் மூன்று பேருக்குள் வந்தால் பேசலாம் என்று பதில் வந்தது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற ஒருவனை ராஜபாளையத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சம்பளம் என்று ஒன்று இருந்தால் எங்கப்பாவிடம் அதை வேலை என்று சொல்லலாம். இல்லாவிட்டால் பரீட்சைதான், வருசா வருசம்.

பாய் கடைக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். துணியை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இம்புட்டு நாளா யானை மேல போயிட்டு இப்ப ஆட்டு மேல ஏறப்போறேங்கியா?"

"ஆடுதான் பாய் மேட்டுல ஏறும்."

"என் பேனரை எதுல கட்டுவ? அந்த வண்டியில கைக்குட்டைதான் கட்டலாம்."

அவருடைய கவலை வேறு விதம். நான் ஜெயித்தால் அவர் பேர் கிடைக்கும். விழுந்தால் அவர் துணி விற்கும். பெரிய வண்டியிலிருந்து விழுந்தால் நாலு ஊர் பேசும். சின்ன வண்டியிலிருந்து விழுந்தால் யார் பேசுவார்கள்? சின்ன வண்டி அதிக உயரத்துக்குப் பறக்கும், அதனால் உயரத்திலிருந்து விழலாம் என்று நான் விளக்கினேன். அதற்கப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றுகிற ஒருவரிடம் நூறு சிசி வண்டி இருந்தது. நாலு கேன் கட்டினால் அதற்கு மூச்சு வாங்கும். அவருக்கு எங்கள் தேரைக் கொடுத்து அவருடைய வண்டியை வாங்கிக்கொண்டோம். தேர் அன்றைக்கே எட்டு கேனோடு கிளம்பிப் போயிற்று. பந்தயத்தில் ஒருநாளும் அது அவ்வளவு சந்தோசமாகப் போய் நான் பார்த்ததில்லை. தேருக்குச் சின்னது சப்பரம் என்பதால் எங்களுக்கு வந்த வண்டிக்குச் சப்பரம் என்று பேர் வைத்தோம். எத்தனை கழுவியும் பால் வாடை போகவில்லை.

டீக்கடை வழியாக அதில் போனால் பேச்சு கேட்கும். "ஏலே, என்ன, சலவைக்குப் போட்டதுல வண்டி சுருங்கிட்டா?" என்று ஒரு குரல். பெரிய வண்டியை எப்போது ஈனும் என்று இன்னொரு குரல். நான் திரும்பிப் பார்க்காமல் போவேன். திரும்பிப் பார்த்தால் சப்பரம் நின்றுவிடும். ஆக்சிலேட்டரை விட்டால் அதற்கு உயிர் கிடையாது.

அதுதான் நான் படிக்கவேண்டியிருந்த பாடம். தேரில் பயம் வந்தால் கையை எடுப்பேன், அது தன் பாட்டுக்கு உருண்டு போகும். சப்பரத்தில் பயம் வந்தால் இன்னும் முறுக்கவேண்டும். ஆலங்குளம் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் மண் குவித்த ஒரு மேடு உண்டு. தேரில் அதன்மேல் ஏறி இறங்குவேன். சப்பரத்தில் முதல் நாள் அதே வேகத்தில் ஏறினேன், இறங்கவே இல்லை. வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருப்பது தெரிந்தது. ஆடுகள் புத்திசாலிகள், விலகிவிட்டன. கிடைக்காரர் விலகவில்லை. நான் புழுதியிலிருந்து எழுந்திருக்கும்வரை கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "அந்தப் பக்கம் பாதை இருக்கே தம்பி, அது பிடிக்கலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த மேட்டையும் நடந்துபோய் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் நான் தாண்டியதில்லை. நீங்களும் நடந்துபோய்ப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

இரண்டு மாதத்தில் சப்பரமும் நானும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம். வண்டி பழுது பார்க்கிற ஊர் மெக்கானிக்கிலிருந்து பாய் கடைக் கணக்குப்பிள்ளைவரை எல்லாரிடமும் சின்ன வண்டியின் குணத்தை நான் விளக்கியாயிற்று. விட்டுப்போனவர்கள் நாலே பேர். இந்த வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், தள்ள ஆள் வேண்டாம் என்பதை முத்தையா அண்ணனிடம் பாய் சொல்லியிருப்பார் என்று நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று பாய் இருந்தார். பாய் வழக்கம்போல நாலு பேருக்கும் கடைப் பேர் போட்ட புது பனியன் வேறு தைத்துக் கொடுத்திருந்தார். புது பனியன் போட்டுக்கொண்டு வந்தவர்கள் சும்மாவா நிற்பார்கள்?

பந்தயத்தன்று காலையில் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"நீ ஹேண்டிலை மட்டும் பிடி தம்பி. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு வண்டிகள் கோட்டில் நின்றன. வலது பக்கம் பத்துப் பதினைந்தடியில் அக்காவின் கடை: ஒரு பெஞ்சு, டீ பாய்லர், கரியடுப்பு, தாம்பாளத்தில் கோபுரமாகப் பால்கோவா. அதற்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு கோயம்புத்தூர் மேனேஜர். சப்பரம் என் காலுக்குக் கீழே கொசு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ குனிகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை, கொடியைத்தான் பார்க்கவேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கிறது.

சுபேதார் கொடியை இறக்கினார். நான் கிளட்சை விட்டேன். அதே நொடியில், தேரை நிலையிலிருந்து பெயர்க்கிற சத்தத்தோடு, நாலு பேர் சப்பரத்தைத் தள்ளினார்கள்.

முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. நான் சீட்டிலிருந்து வழுக்கி, பின்பக்கமாக இறங்கி, தரையில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்தேன். சப்பரம் நான் இல்லாமலே கொஞ்ச தூரம் நிமிர்ந்து நடந்து, முன்சக்கரத்தைக் கீழே வைத்து, வலது பக்கம் திரும்பி, யாரையும் இடிக்காமல் அக்கா கடைக்குள் போய்ப் படுத்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது மற்ற ஆறு வண்டிகளின் புழுதி முதல் வளைவில் தெரிந்தது.

எழுந்து ஓடினேன். இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

வண்டி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது; பின்சக்கரம் பால்கோவாவை எடுத்து ஜனங்கள்மேல் விசிறிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஒழுகி மண்ணில் கோடு போட்டு இறங்கியது. அந்தக் கோடு போகிற திசையில் கரியடுப்பு. அக்கா கரண்டியும் கையுமாக அடுப்புக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது: முதல் மூன்று. வண்டியை அப்படியே நிமிர்த்திக் கியரில் போட்டால் அரைச் சுற்றுதான் பின்தங்கியிருப்பேன். ஏழு சுற்றுப் பந்தயத்தில் அரைச் சுற்றைப் பிடித்துவிடலாம். பக்கத்தில் மேனேஜரின் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. சம்பளம் ஓடுகிறது.

ஆனால் கை ஹேண்டிலுக்குப் போகவில்லை. பெட்ரோல் குழாய்த் திருகுக்குப் போனது. அதை மூடினேன். எஞ்சினை அணைத்தேன். டம்ளர் கழுவுகிற வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பில் கொட்டினேன். புகை எழுந்து எதுவும் தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, எங்கேயாவது பட்டதா என்று கேட்டேன். தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தாம்பாளத்துக்கு யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டார். செத்த நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கடையிலிருந்து வெளியே இழுத்தேன். அதற்குள் முதல் ஆள் ஒரு சுற்று முடித்து எங்களைத் தாண்டிப் போனான்.

திருகைத் திறந்து உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. படுத்துக் கிடந்ததில் எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்துவிட்டது. மறுபடி உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் என்று நான் ஊரெல்லாம் விளக்கிய வண்டி. அண்ணனும் தம்பிமாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூரமாக நின்றார்கள், பனியனெல்லாம் பால்கோவா.

"அண்ணே, தள்ளுங்க" என்றேன். "இந்தத் தடவை மெதுவா."

"போன தடவையும் மெதுவாத்தான் தம்பி தள்ளுனோம்" என்றார் அண்ணன்.

பத்தடியில் சப்பரம் உயிர் பிடித்தது. அதற்கப்புறம் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது சுற்றில் எஞ்சின் சூட்டில் அதன்மேல் அப்பியிருந்த பால்கோவா காய ஆரம்பித்தது. கண்மாய் முழுக்க நெய் மணம். எனக்கு முன்னால் போனவன் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அவனைத் தாண்டினேன். இன்னொருவன் செயின் அறுந்து நின்றான். ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தேன்.

தள்ளியதற்காக என்னைத் தகுதி நீக்கம் செய்யவேண்டும் என்று ஒருவர் புகார் கொடுத்தார். சுபேதார் விதிப்புத்தகத்தை முழுவதும் புரட்டினார். ஓட்டுகிறவனைக் கீழே தள்ளிவிட்டு வண்டியை மட்டும் அனுப்புவதைத் தடை செய்கிற விதி எதுவும் இல்லை என்றார். இப்படி ஒரு கூட்டம் வரும் என்று எழுதியவருக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

பாய் துணிமூட்டையோடு ஓடிவந்தார். எங்கே அடி என்று கேட்டார். உட்கார்ந்த இடத்தில் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "கையில காலுல பட்டிருக்கக்கூடாதா தம்பி. இதுல சுத்தி யாருட்ட காட்டுறது?"

மேனேஜர் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். ஐந்தாவது ஆளிடம் அவருக்கு என்ன பேச்சு இருக்கிறது? விருதுநகர்ப் பரீட்சைக்கே போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஹெல்மெட்டிலிருந்து பால்கோவாவைச் சுரண்டினேன். ஜீப் கிளம்பி, என்னைத் தாண்டி, நின்று, பின்னால் வந்தது.

"வேகமா ஓட்டற பசங்க எங்ககிட்ட இருக்காங்க தம்பி" என்றார். "வண்டி கெடக்கறப்போ மொதல்ல பெட்ரோலை மூடற பையன் ஒருத்தனும் இல்லீங்க. புதன்கிழமை வந்துருங்க."

ஜீப் நகர்ந்தபிறகு ஜன்னலில் மறுபடி தலை தெரிந்தது.

"அந்த நாலு பேரைக் கூட்டிட்டு வந்துறாதீங்க."

அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். விழுந்தால் முதலில் பெட்ரோல், அடுத்து பக்கத்தில் நிற்கிற மனுசர், அதற்கப்புறம் பந்தயம். இன்னொன்று என் கணக்கில்: வண்டியை மாற்றினால் அதைத் தள்ளுகிறவர்கள்வரை எல்லாரிடமும் நீங்களே வாயால் சொல்லுங்கள். இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருக்காதீர்கள்.

பால்கோவாவில் மண் படாத பகுதியை அக்கா ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். காசு கொடுக்கப்போகிறோம், விட்டுவிட்டுப் போவானேன் என்று பாய் கேட்டு வாங்கினார். நாங்கள் ஆறு பேரும் கரையில் உட்கார்ந்து தின்றோம். அண்ணனுக்கு வருத்தம் தீரவில்லை. ஆனாலும் அவர்தான் அதிகம் தின்றார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒரு வாய் போட்டார்.

"பரீட்சை எப்படிலே?"

"கூப்பிட்டிருக்காவப்பா. புதன்கிழமை வரச்சொல்லிட்டாவ."

அவர் இன்னொரு வாய் போட்டு, மெதுவாக மென்றார்.

"விருதுநகர்ல பால்கோவா பெட்ரோல் வாடை அடிக்குமோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். அந்த அக்காவுக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். பாய் பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை, முழுசாகக் கொடுத்துவிட்டோம் என்றேன். பதினோரு கிலோ பால்கோவா, ஒன்பது கண்ணாடி டம்ளர், ஒரு பெஞ்சுக்கால், அணைந்துபோன ஒரு அடுப்புக் கரி: ஐந்நூற்று நாற்பது ரூபாய்.